தோமான் குஞ்சும் வீட்டுத் தொட்டியும்

(அறிவியல் பாடக் கட்டுரை – தலைமையாசிரியர்)



பட்டணத்து மீன் கடைகளில் கண்ணாடித் தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஏதேனும் ஒரு தொட்டியில், விரல் நீளமே உடைய மீன்குஞ்சுகள் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்கும். இரண்டு கருங்கோடுகள், அவற்றின் நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு. சில வெள்ளி கொடுத்தால் போதும். கடைக்காரர் ஒரு நெகிழிப் பையில் நீரையும் காற்றையும் அடைத்து, குஞ்சு ஒன்றை அதிலிட்டுக் கையில் கொடுத்துவிடுவார். அக்குஞ்சின் பெயர் தோமான்.

அது முழு வளர்ச்சி பெற்றால் ஒரு மீட்டர் நீளத்தையும் எட்டும். இருபது கிலோகிராம் எடை வரையும் வளரும். நம் நாட்டு ஏரிகளில் தூண்டில் போடுவோர், பிடித்துவிட்டால் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மீன் அது. பையில் அடங்கிய குஞ்சைப் பார்ப்பவர்க்கு இவ்வுண்மை தோன்றுவதில்லை.

தோமானை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? வளர்ப்பதாயின் என்னென்ன வேண்டும்? வளர்க்க இயலாமற் போனால் என்ன செய்வது? இம்மூன்று வினாக்களுக்கும் இப்பாடத்தில் நாம் விடை காண்போம். அறிவியல் பாடத்தோடு சிறிது கணக்குப் பாடமும் இதில் கலந்திருக்கும்.

தோமானின் குடும்பம்

விரால் மீனை அறியாத தமிழர் இலர். மலாய் மொழியில் ஹருவான் என வழங்கப்படும் மீன் அதுவே. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்க்கும் பிள்ளை பெற்ற தாய்மார்க்கும் புண் விரைவில் ஆறட்டும் என்று ஹருவானை வேகவைத்துக் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் எல்லா இனத்தவரிடையேயும் உண்டு. தோமான் இந்த விராலின் நெருங்கிய உறவு. தலை பாம்பின் தலையை ஒத்திருப்பதால் இக்குடும்பத்து மீன்களுக்கு ஆங்கிலத்தில் ‘பாம்புத்தலை மீன்கள்’ என்று பொருள்படும் பெயர் அமைந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக இக்குடும்பத்தில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று தோமான்.

அறிவியலார் இதற்கு இட்ட பெயர் ‘சன்னா மைக்ரோபெல்டிஸ்’ என்பதாகும். குவியே, வாலன்சியென் என்னும் பிரஞ்சு அறிஞர்கள் வெளியிட்ட மீன் நூலில் 1831-ஆம் ஆண்டு இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம், மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, சாவா ஆகிய பகுதிகள் இதன் தாயகம். மெதுவாக ஓடும் பேராறுகள், சதுப்பு நிலங்கள், ஏரிகள் ஆகியவற்றில் இது வாழும். அணை கட்டியதால் உண்டான ஏரிகளிலும் இது பெருகியுள்ளது. பேராக் மாநிலத்தின் தெமெங்கோர் ஏரியும் திரெங்கானு மாநிலத்தின் கென்யிர் ஏரியும் தோமானுக்குப் பெயர் பெற்றவை.

தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் ஆறுகளிலும் தோமானைப் போன்ற மீன் ஒன்று உண்டு. அதுவும் தோமானே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆய்வாளர்கள் அதன் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு நோக்கி, அது வேறோர் இனம் என்று 2011-இல் உறுதி செய்தனர். கடல் கடந்த நாடுகளில் இத்துணை ஒத்த உருவங்கள் காணப்படுவது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

பெற்றோரின் காவல்

மீன்களுள் பல முட்டையிட்டதோடு தம் கடமை முடிந்ததென்று நீங்கிவிடும். தோமான் அவ்வாறு செய்வதில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீர்ச்செடிகளை விலக்கி இடம் அமைக்கும். முட்டைகளில் எண்ணெய்த் தன்மை இருப்பதால் அவை நீரின் மேல் மிதக்கும். குஞ்சுகள் பொரிந்த பின்னரும் பெற்றோர் இரண்டும் அவற்றைப் பிரியா. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது, குங்குமத்தை நீரில் கொட்டியது போல அவ்விடம் சிவந்து தோன்றும். அத்திரளுக்குக் கீழே, இருண்ட நீரில், பெற்றோர் காவல் நிற்கும். அருகே எது வந்தாலும், அது மனிதனாயினும், சீறிப் பாய்ந்து கடிக்கத் தயங்கா.

தூண்டிற்காரர் பலர் இச்சினத்தையே பயன்படுத்திக்கொள்கின்றனர். சிவந்த திரளைக் கண்டதும் அதன் நடுவே போலித் தவளையை வீசுவர். காவல் மீன் பாய்ந்து கவ்வும், பிடிபடும். காவல் இழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் விரைவில் தின்றுவிடும். ஆகவே பொறுப்புள்ள தூண்டிற்காரர் குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அப்பால் செல்வர். கடைகளில் விற்பனைக்கு வரும் குஞ்சுகளிலும் இவ்வாறு ஏரிகளில் வலையிட்டு அள்ளப்பட்டவை உண்டு. வாங்குவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. குஞ்சின் அழகுக்குக் காரணமான செந்நிறம் நிலைப்பதில்லை. மீன் வளர வளரச் செம்மை மங்கும். முழு வளர்ச்சியடைந்த தோமானின் முதுகு கருநீலமாகவும் வயிறு வெண்மையாகவும் மாறும். நிறத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியவர், நிறம் போனதும் மீனையும் வெறுத்துவிடுவது வழக்கமாக உள்ளது.

காற்றில் மூச்சு விடும் மீன்

மீன்கள் செவுள்களால் மூச்சு விடுகின்றன என்று நான்காம் ஆண்டிலேயே கற்றோம். தோமானுக்கும் செவுள்கள் உண்டு. ஆயினும் செவுள்களுக்கு மேலே, தலைக்குள், காற்றைத் தேக்கி வைக்கும் அறை ஒன்றும் அதற்கு உண்டு. அவ்வறையின் சுவரில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் காற்றிலிருந்து உயிர்வளியை ஈர்த்துக்கொள்ளும். எனவே தோமான் அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிச் செல்லும். இவ்வாறு செய்ய வழியில்லாமல் நீரின் மேற்பரப்பை அடைத்துவிட்டால், நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபோகும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஆனால் அது மெய்யே.

இதிலிருந்து வளர்ப்பவர்க்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, தொட்டியை விளிம்பு வரை நிரப்பலாகாது. நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விட வேண்டும். இரண்டாவது, மூடி இல்லாமல் வளர்க்கலாகாது. விரால் குடும்பத்து மீன்கள் துள்ளிப் பாய்வதில் வல்லவை. எடை மிக்க மூடியைப் போட்டுக் கொக்கியால் பூட்டுதல் நலம்.

தொட்டியின் கணக்கு

இனிக் கணக்குப் பாடத்திற்கு வருவோம். நம் வீடுகளில் பொதுவாகக் காணப்படும் பெரிய தொட்டி மூன்றடித் தொட்டி. அதன் நீளம் 90 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ. என்று கொள்வோம். காற்றுக்காக 8 செ.மீ. விட்டால் நீரின் உயரம் 37 செ.மீ. ஆகும்.

90 x 45 x 37 = 149,850 கன செ.மீ. அதாவது ஏறத்தாழ 150 லிட்டர்.

தோமான் குஞ்சு ஓராண்டுக்குள்ளேயே 30 செ.மீ. நீளத்தை எட்டக்கூடும். 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 30 செ.மீ. மீன் திரும்பலாம். அது 60 செ.மீ. ஆனால்? நேராகத் திரும்ப இயலாது. உடலை வளைத்து வளைத்துத் திரும்ப வேண்டும். மூக்கு கண்ணாடியில் உரசும், புண்ணாகும், புண்ணில் பூசணம் பிடிக்கும். ஆகவே நாம் ஒரு விதி வகுத்துக்கொள்வோம். தொட்டியின் அகலம் முழு வளர்ச்சியுற்ற மீனின் நீளத்திற்குக் குறையலாகாது. நீளம் அதைப் போல மூன்று மடங்கேனும் இருத்தல் வேண்டும்.

தோமான் ஒரு மீட்டர் வளருமெனின், தொட்டி 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையதாய் இருக்க வேண்டும். நீரின் உயரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால்:

300 x 100 x 60 = 1,800,000 கன செ.மீ. அதாவது 1,800 லிட்டர்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். எனவே நீர் மட்டுமே 1,800 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு டன். கண்ணாடியும் தாங்கியும் இதில் சேரவில்லை. இரண்டு சிறிய கார்களை வரவேற்பறையில் நிறுத்துவதற்கு இது ஒப்பாகும். பலகைத் தரையுள்ள வீட்டில் இதனை எண்ணிப் பார்க்கவும் முடியாது. தொட்டியைவிடத் தரையில் கட்டும் சிமெந்துக் குளமே இத்தகைய மீனுக்கு ஏற்றது என்பது இக்கணக்கினால் விளங்கும்.

நீரைப் பேணுதல்

மீன் உண்டதன் கழிவு நீரிலேயே கலக்கிறது. அதிலிருந்து அமோனியா உண்டாகிறது. அமோனியா நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது தீங்கு குறைந்தது. இந்நைட்ரேட்டை, நீரின் ஒரு பகுதியை மாற்றுவதன் மூலம் நாம் அகற்றுகிறோம். இப்பாக்டீரியாக்கள் வடிகட்டியிலுள்ள பஞ்சிலும் கற்களிலும் குடியேறி வளர்கின்றன. புதிய தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிவந்து விடுவோரின் மீன்கள் சில நாள்களில் மடிவதற்கு இதுவே காரணம்.

வடிகட்டியைக் குழாய் நீரில் கழுவலாகாது. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே வடிகட்டியை அலச வேண்டும். தொட்டியில் ஊற்றும் புதுநீரையும் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தை அளவோடு இட்ட பின்னரே ஊற்ற வேண்டும்.

வாரந்தோறும் நீரில் 30 விழுக்காட்டை மாற்றுவதாகக் கொள்வோம். 150 லிட்டர் தொட்டிக்கு அது 45 லிட்டர். 10 லிட்டர் வாளியால் நாலரை வாளி. ஒரு சிறுவன் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவான். 1,800 லிட்டர் தொட்டிக்கோ அது 540 லிட்டர், 54 வாளி. பள்ளித் தேர்வு வாரத்திலும், தீபாவளி வாரத்திலும், குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வாரத்திலும் இந்த 54 வாளியும் இறைத்தாக வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க விரும்புகிறோம். “தோமான் சேற்றிலும் வாழும் மீன், அதற்கு நல்ல நீர் தேவையில்லை” என்று சிலர் கூறுவர். காற்றில் மூச்சு விடுவதால், உயிர்வளி குறைந்த அழுக்கு நீரில் பிற மீன்கள் மடியும்போதும் தோமான் மடியாது. ஆனால் அமோனியா அதன் தோலையும் துடுப்பையும் கண்ணையும் அரிக்காமல் விடுவதில்லை. சாகாமல் இருப்பது ஒன்று. நலமாக வாழ்வது வேறொன்று. நோவு வந்தால் வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிர்களை வளர்ப்போர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

உணவு

தோமான் ஊனுண்ணி. இயற்கையில் மீன், தவளை, இறால் ஆகியவற்றை வேட்டையாடி உண்ணும். வீட்டில் வளர்ப்போர் சிலர் உயிருள்ள சிறு மீன்களை வாங்கித் தொட்டியில் விட்டு, அவை வேட்டையாடப்படுவதைக் கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பர். இது இரு வகையில் தீது. அச்சிறு மீன்கள் வழியாக ஒட்டுண்ணிகளும் நோய்களும் தொட்டிக்குள் வரும். அன்றியும், தங்கமீன் போன்றவற்றின் உடலில் உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கும் பொருள் ஒன்று உண்டு. அவற்றையே நாள்தோறும் தின்னும் மீன் நாளடைவில் நோயுறும். ஓர் உயிர் அஞ்சி ஓடுவதைக் கண்டு மகிழும் பழக்கம் சிறுவர் உள்ளத்திற்கும் நன்றன்று.

தோலுரித்த இறால், முள் நீக்கிய மீன் துண்டு, பெரிய மீன்களுக்கென விற்கப்படும் உருண்டைத் தீனி ஆகியவற்றைக் குஞ்சுப் பருவத்திலிருந்தே பழக்கினால் தோமான் அவற்றை விரும்பி உண்ணும். உண்ணாது எஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐந்து கிலோகிராம் எடையுள்ள தோமானுக்கு அதன் எடையில் நூற்றில் இரண்டு பங்கு நாள்தோறும் தீனியாகத் தருவதாகக் கொள்வோம். அது நாளொன்றுக்கு 100 கிராம், மாதத்திற்கு 3 கிலோகிராம், ஆண்டிற்கு 36.5 கிலோகிராம். இன்றைய சந்தை விலையில் அத்தனை இறாலுக்கும் மீனுக்கும் என்ன செலவாகும் என்பதை உங்கள் அன்னையாரிடம் கேட்டறிந்து கணக்கிடுங்கள். தோமான் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று மூன்றாம் ஆண்டில் பயிலும் மாணவன் வாங்கும் குஞ்சு, அவன் இடைநிலைப் பள்ளியை முடித்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் நாளிலும் தொட்டியின் ஓரத்தில் வந்து நின்று உணவு கேட்கும்.

தனி மீன்

சிறு குஞ்சுகளாக இருக்கும்போது தோமான்கள் கூட்டமாக வாழும். வளர்ந்த பின் ஒன்றையொன்று கடித்துக் குதறும். தன் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விழுங்கும். அடங்காததைக் கடித்துத் துண்டாக்கும். ஆகவே ஒரு தொட்டிக்கு ஒரு மீன் என்பதே விதி. உணவு கொடுக்கும்போது கையை நீருக்குள் விடலாகாது. நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும். அதன் பற்கள் கூரியவை. சிறுவர் தனியே நின்று தொட்டியைத் திறத்தல் கூடாது; பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

இவ்வளவும் கூறியதால் தோமான் வளர்க்கவே தகாத மீன் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டா. நாள்தோறும் உணவு தருபவரை அது அடையாளம் கண்டுகொள்ளும். அவர் வந்தால் கண்ணாடியருகே வந்து காத்திருக்கும். நம் நாட்டு வெப்பநிலையே அதற்கு ஏற்றதாதலின் நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. இடமும் பொருளும் பொறுமையும் உடைய பெரியவர் ஒருவர் குளம் கட்டி வளர்ப்பாராயின் அது போற்றத்தக்கதே. வினா, நம்மிடம் அவை உள்ளனவா என்பதே.

ஆற்றில் விடுவது அறமாகுமா?

எம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவன் ஒருநாள் அலுவலக வாயிலில் வந்து நின்றான். “ஐயா, எங்கள் வீட்டுத் தோமான் பெரிதாகிவிட்டது. அப்பா அதை ஆற்றில் விடச் சொல்கிறார். விட்டால் அது பிழைக்குமா?” என்று கேட்டான். அன்று மாலை நாம் அவன் வீட்டிற்குச் சென்றோம். மூன்றடித் தொட்டியில் முழங்கைக்கும் மேல் நீண்ட மீன் அசையாமல் கிடந்தது. அதன் மூக்கில் வெண்மையான புண். சிறுவன் நாள்தோறும் தவறாமல் இறால் வாங்கி ஊட்டியிருந்தான். அன்பில் குறைவில்லை, இடத்தில்தான் குறைவு. அவன் தந்தையும் மீனைக் கொல்ல மனமின்றியே ஆற்றில் விட எண்ணினார். கொல்லாமல் விடுவது புண்ணியம் என்பது அவர் கருத்து.

அவரிடம் நாம் எடுத்துக் கூறியவற்றை இங்கும் கூறுகிறோம். தொட்டியில் வளர்ந்த மீன், தொட்டியில் பெற்ற நோய்களையும் ஆற்றுக்குக் கொண்டுசெல்லும். தோமான் இல்லாத ஒரு குளத்திலோ பழைய ஈயக்குட்டையிலோ அதை விட்டால், அங்குள்ள செப்பாட்டையும் பூயூவையும் ஹருவான் குஞ்சுகளையும் அது தின்று தீர்க்கும். ஒரு மீனுக்குச் செய்த இரக்கம் ஆயிரம் மீன்களுக்குக் கொடுமையாக முடியும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் குரோப்டன் என்னும் ஊரில் ஒரு குளம். அங்கு 2002-ஆம் ஆண்டில் சீனாவைச் சேர்ந்த விரால் இன மீன் ஒன்று தூண்டிலில் சிக்கியது. அதிகாரிகள் விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. ஒருவர், நோயுற்ற தம் சகோதரிக்குச் சாறு வைத்துக் கொடுப்பதற்காக இரண்டு மீன்களை உயிரோடு வாங்கியிருந்தார். அதற்குள் சகோதரி நலமடைந்துவிடவே, அவற்றைத் தொட்டியில் வளர்த்தார். அவை பெரிதாகித் தீனிக்குக் கட்டுப்படியாகாமற் போகவே குளத்தில் விட்டுவிட்டார். இரண்டும் பெருகிவிட்டன. அக்குளத்தில் மருந்திட்டு மீன்களையெல்லாம் அழிக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே விரால் குடும்பத்து மீன்கள் அனைத்தையும் உயிரோடு இறக்குமதி செய்வதை அமெரிக்க அரசு தடுத்தது. பிணியாளர்க்கு விரால் சாறு கொடுப்பது நம்மவர் அறிந்த வழக்கமே. அன்பில் தொடங்கிய செயல் எங்கே சென்று முடிந்தது பாருங்கள்!

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் ‘இக்கான் பண்டாராயா’ என மக்கள் அழைக்கும் கரிய, முரட்டுத் தோலுடைய மீன் இன்று பெருகிக் கிடக்கிறது. அதன் தாயகம் தென் அமெரிக்கா. தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கப்பட்டு, வளர்ந்ததும் ஆற்றிலும் வாய்க்காலிலும் விடப்பட்ட மீன் அது. சிங்கப்பூரில் 2020 சூன் மாதம் முதல், உரிய ஒப்புதலின்றி வனவிலங்குகளை வெளியிடங்களில் விடுவது சட்டப்படி குற்றமாகும்.

அப்படியாயின், வளர்க்க இயலாத மீனை என்ன செய்வது? வாங்கிய கடைக்காரர் திரும்ப ஏற்பாரா என்று கேட்கலாம். பெரிய குளம் வைத்திருப்போரைத் தேடலாம். அக்குளம் வெள்ளக்காலத்தில் உடைத்துக்கொண்டு ஆற்றோடு கலவாததாக இருத்தல் வேண்டும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். தோமான் உண்ணத்தக்க மீனே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; ஆனால் தொட்டியில் மருந்திட்டு வளர்த்த மீனை உண்ணலாகாது.

அம்மாணவனின் தந்தை நாம் கூறியதை ஏற்றுக்கொண்டார். சில வாரம் தேடியபின், அவர்தம் மைத்துனரின் நண்பர் ஒருவரிடம் மேடான நிலத்தில் சிமெந்துக் குளம் இருப்பது தெரிந்தது. மீன் அங்கே சென்றது. பள்ளி விடுமுறையில் மாணவன் போய்ப் பார்த்து வந்து, “ஐயா, அது இப்போது நேராகத் திரும்புகிறது” என்றான்.

வேறென்ன வளர்க்கலாம்?

தோமானிடத்தில் நாம் வியந்தவை இரண்டு: காற்றில் மூச்சு விடுதல், குஞ்சுகளைக் காத்தல். இவ்விரண்டையும் சிறிய தொட்டியிலேயே காண வழியுண்டு. தோட்டத்துக் கால்வாயிலும் குட்டையிலும் வாழும் செப்பாட் மீனை நீங்கள் அறிவீர்கள். அது 15 செ.மீ. அளவோடு வளர்ச்சியில் நின்றுவிடும். அதுவும் மேலே வந்து காற்றை விழுங்கும். ஆண் மீன் வாயால் நுரைக்குமிழிகளை ஊதிக் கூடு கட்டி, அதில் முட்டைகளை வைத்து, பகைவர் அணுகாமல் சுற்றிச் சுற்றிக் காவல் புரியும். எம் பள்ளி அறிவியல் மூலையில் இம்மீனையே வளர்க்கிறோம். நீர் மாற்றும் முறை வகுப்புவாரியாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. விடுமுறை நாள்களுக்கும் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. முதலில் பட்டியல் எழுதப்பட்டது. அதன் பின்னரே மீன் வாங்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே, குஞ்சை வாங்குபவர் குஞ்சை மட்டும் வாங்குவதில்லை. அது ஆகப்போகும் முழு மீனையும், அது வாழப்போகும் ஆண்டுகள் அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறார். நாய்க்குட்டிக்கும் இது பொருந்தும், பூனைக்குட்டிக்கும் பொருந்தும். ஆகவே அடுத்த முறை மீன் கடையில் செந்நிறக் கோட்டுக் குஞ்சைக் கண்டால், “இதன் விலை என்ன?” என்று கேட்பதற்கு முன், “இது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்?” என்று கேளுங்கள். விடை கேட்ட பின் உங்கள் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். இடமில்லையெனின், நின்று அதன் அழகைக் கண்டு மகிழ்ந்து, வெறுங்கையோடு திரும்புங்கள். அதுவும் அம்மீனிடத்துக் காட்டும் அன்பேயாகும்.

பயிற்சி வினாக்கள்

1. தோமான் நீரில் மூச்சுத் திணறி இறக்கக்கூடும் என்பது எவ்வாறு பொருந்தும்? விளக்குக.

2. 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 40 செ.மீ. உயரத்திற்கு நீர் உள்ளது. நீரின் அளவு எத்தனை லிட்டர்? அதில் 30 விழுக்காட்டை மாற்ற 10 லிட்டர் வாளியால் எத்தனை வாளி நீர் வேண்டும்?

3. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய மூன்றையும் அவை உண்டாகும் வரிசையில் எழுதி, வடிகட்டியின் பணியைக் கூறுக.

4. குஞ்சுத் திரளைக் கண்ட தூண்டிற்காரர் என்ன செய்ய வேண்டும்? ஏன்?

5. “வளர்த்த மீனை ஆற்றில் விடுவது புண்ணியம்.” இக்கூற்றை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? காரணங்களோடு பத்து வரிகளில் எழுதுக.